எட்டாத நான்காவது கால்வாய்: ஒரு மேல் கடைவாய்ப்பல்லின் நிகழ்வு ஆய்வு

வந்தபோது சொன்னவை

46 வயதுப் பெண், அரசுப் பள்ளி ஆசிரியை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு வந்தார். வலது சைனஸில் (மேல் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கு மேலே உள்ள காற்றறை) மட்டும் மீண்டும் மீண்டும் சீழ் கட்டுகிறது, மூக்குக்குள் அதற்கான காரணம் தெரியவில்லை, மேல் வரிசைப் பற்களைப் பார்த்துச் சொல்லவும். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். ஒரு பக்கச் சைனஸிலிருந்து மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தால் பல்லைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பாடநூலில் உள்ள செய்தி. இருந்தும் இவருக்கு அந்தச் சந்தேகம் வந்து சேர ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கடிதம் எழுதப்படாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதங்கள் போயிருக்குமோ தெரியாது.

குனிந்து விடைத்தாள் திருத்தும்போது வலது கன்னத்தில் பாரம். வலது மூக்கில் கெட்ட வாடையோடு சளி. வகுப்பில் முன் வரிசைப் பிள்ளைகளுக்கு அந்த வாடை தெரிகிறதோ என்ற கூச்சத்தில் பேசும்போது தள்ளி நிற்கப் பழகியிருந்தார். வலது மேல் கடைவாயில் கடிக்கும்போது ஓர் அழுத்தம். அதை வலி என்று அவர் சொல்லவில்லை. அந்த இடத்திலுள்ள முதல் கடைவாய்ப்பல்லுக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ரூட் கெனால் சிகிச்சை செய்து கேப் போட்டிருந்தார்கள்.

"அந்தப் பல்லில் நரம்பையே எடுத்துவிட்டார்களே டாக்டர், அதில் எப்படிக் கோளாறு வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எடுத்தது பல்லுக்குள் இருந்த கூழையும் அதன் நரம்பையும் மட்டும்தான். பல்லைத் தாங்கும் சவ்விலும் எலும்பிலும் உள்ள நரம்புகள் அப்படியே இருக்கின்றன. கடிக்கும்போது உறுத்துவது வேர்நுனியைச் சுற்றி அழன்றிருக்கும் அந்தத் திசு.

ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் பலமுறை சாப்பிட்டிருந்தார். சாப்பிடும் நாட்களில் வாடை குறையும், கன்னம் லேசாகும். நிறுத்திய சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு கட்டத்தில் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையிலேயே வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்தார். சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.9. காய்ச்சல் இல்லை, முகத்தில் வீக்கம் இல்லை, வாய் திறப்பதில் சிரமம் இல்லை.

இந்த வரலாற்றில் நான் முதலில் அடிக்கோடிட்டது மாத்திரைக்குக் குறைந்து, நிறுத்தினால் திரும்பும் அந்தப் போக்கைத்தான். மருந்து தவறான மருந்தாக இருந்தால் குறையவே குறையாது. சரியான மருந்து நோயின் ஊற்றைத் தொட்டிருந்தால் திரும்ப வராது. குறைந்து குறைந்து திரும்புகிறது என்றால், மருந்து போகும் இடத்துக்கு அப்பால் கிருமி பத்திரமாகக் குடியிருக்கிறது என்று பொருள்.

பரிசோதனையும் படங்களும்

வலது மேல் முதல் கடைவாய்ப்பல்லைக் கண்ணாடிக் காம்பால் தட்டியபோது பக்கத்துப் பற்களைவிடத் தெளிவான கூச்சம். கன்னத்தை ஒட்டிய ஈற்றை விரலால் அழுத்தினால் வலி. சீழ்ப்புண் வாய் எதுவும் ஈற்றில் திறந்திருக்கவில்லை. சீழ் வெளியேற மேலே சைனஸ் இருக்கும்போது ஈற்றைத் துளைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. முன்னும் பின்னும் உள்ள பற்கள் குளிர் சோதனைக்கு இயல்பாகப் பதில் சொன்னதால் அவை உயிரோடு இருப்பது உறுதியானது. ஈறு அளவுகோலைப் பல்லைச் சுற்றி எங்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இறக்க முடியவில்லை. இது முக்கியம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோல் ஆழமாக இறங்கியிருந்தால் வேர் நெடுக்கில் பிளந்திருக்கிறதோ என்று அஞ்ச வேண்டியிருக்கும். பிளந்த வேரைக் காப்பாற்ற வழி இல்லை.

சாதாரண எக்ஸ்ரேயில் மூன்று வேர்களிலும் முந்தைய சிகிச்சையில் இட்ட அடைப்புப் பொருள் தெரிந்தது. நீளமும் நன்றாகவே இருந்தது. மேல் கடைவாய்ப் பகுதியில் கன்ன எலும்பின் நிழலும் சைனஸின் அடித்தளக் கோடும் வேர்நுனிகள் மீது விழுந்து மறைப்பதால் அந்தப் படத்தை வைத்து எதையும் அறுதியிட முடியவில்லை. ஏற்கெனவே பார்த்தவர்கள் பல்லில் குறையில்லை என்று சொல்லியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரு பரிமாணப் படம் காட்டக்கூடியது அவ்வளவுதான்.

அந்தப் பகுதியை மட்டும் கோன் பீம் சிடி என்ற முப்பரிமாணப் படம் எடுத்ததும் கதை மாறியது. கன்னப் பக்கத்து முன்வேரின் நுனியைச் சுற்றி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு எலும்பு கரைந்திருந்தது. அதற்கு நேர் மேலே சைனஸின் அடித்தள எலும்பு ஓரிடத்தில் அறுபட்டு, உட்சவ்வு தடித்து மேடிட்டிருந்தது. இவை இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது குறுக்குவெட்டுப் படத்தில் தெரிந்த ஒரு சிறு விஷயம். அந்த வேருக்குள் பழைய அடைப்பு நட்ட நடுவில் இல்லை. கன்னப் பக்கம் ஒதுங்கியிருந்தது. ஒரே கால்வாய் (வேருக்குள் கூழ் ஓடும் குழல்) உள்ள வேர் என்றால் அது நடுவில் ஓடும். ஒதுங்கியிருக்கிறது என்றால் மறுபாதியில் இன்னொன்று இருக்கிறது. அண்ணப் பக்கமாக மங்கலாக ஒரு கரும்புள்ளி, அடைப்பு இல்லாமல், வேர்நுனிவரை இறங்கிப் போனது.

மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். வேருக்கு ஒன்றாக மூன்று கால்வாய்கள் என்று எண்ணத் தோன்றும். உடற்கூறு அப்படிச் சொல்லவில்லை. ஜூரிச்சைச் சேர்ந்த வால்டர் ஹெஸ், பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி வார்ப்பெடுத்து, கால்வாய்கள் எப்படிக் கிளைத்தும் வலைபோல் பின்னியும் கிடக்கின்றன என்பதை 1917இலேயே வெளியிட்டுவிட்டார். 1990இல் குலில்ட், பீட்டர்ஸ் என்ற இருவர் மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கத்து முன்வேர்களை நுண்ணோக்கியின் உதவியோடு தேடியபோது அவற்றில் 95 விழுக்காட்டில் இரண்டாவது கால்வாயின் வாய் கிடைத்தது. அதாவது நான்காவது கால்வாய் விதிவிலக்கு அல்ல, அதுதான் விதி. இல்லை என்று நிரூபிக்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக எழுதியது: முன்பு வேர் சிகிச்சை செய்யப்பட்ட பல், விடுபட்ட கால்வாய், வேர்நுனி அழற்சி, அதிலிருந்து எழுந்த வலது சைனஸ் அழற்சி.

மாத்திரை ஏன் உதவவில்லை

இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். பல்வலிக்கு மாத்திரை என்பது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கிராம்பு எண்ணெயில் தொடங்கி, உப்பு நீர், வலி மாத்திரை, அப்புறம் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் என்று ஒரு வரிசை இருக்கிறது. வலி அடங்கிவிட்டால் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

விழுங்கிய மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தின் வழியாகத்தான் எங்கும் போகிறது. உயிருள்ள பல்லின் நடுவே கூழ் இருக்கிறது. அதற்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. கூழ் செத்துப்போனால் அந்தக் குழாய்களும் போய்விடுகின்றன. அதன் பின் பல்லின் உட்புறம் உடலுக்குள் இருந்தும் உடலின் இரத்த ஓட்டத்துக்கு வெளியே நிற்கும் இடம். வெள்ளை அணுக்களும் அங்கே போக முடியாது, மருந்தும் போக முடியாது. வேர்நுனிக்கு வெளியே வழிந்து வரும் கிருமிகளை மட்டும் மருந்து சமாளிக்கும். அதனால்தான் தற்காலிகமாகக் குறைகிறது. ஊற்று உள்ளே அப்படியே இருக்கிறது. மாத்திரை நின்றதும் மறுபடியும் வழிகிறது. இதற்கிடையில் குடலிலும் தொண்டையிலும் உள்ள கிருமிகளுக்கு அந்த மருந்தைத் தாங்கும் பயிற்சி கிடைத்துவிடுகிறது.

ஐரோப்பிய வேர் சிகிச்சையாளர் சங்கம் 2018இலும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதையே சொல்கின்றன. கூழ் அழற்சிக்கும், உடல் முழுதும் பாதிப்பைக் காட்டாத வேர்நுனி அழற்சிக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. பல்லுக்குள் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வேண்டும். காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம் ஆகியவை இருந்தால் நிலைமை வேறு. அப்போது மாத்திரை கட்டாயம் வேண்டும். சிலருக்கு மருத்துவமனையில் சேர்த்து ஊசி மருந்தும் வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்கின் அடியில் பரவி மூச்சையே அடைத்துவிடக்கூடும் என்பதை யாரும் மறக்கக் கூடாது.

வேர்நுனி நோய்க்குக் காரணம் கிருமிதானா என்ற கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை கிடைத்தது 1965இல். அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் இரண்டு வகை எலிகளின் பற்களில் கூழ் வெளியே தெரியும்படி துளையிட்டு அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் செத்து, வேர்நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளில் உணவுத் துகள்கள் துளைக்குள் அடைந்து கிடந்தும் கூழ் உயிரோடு இருந்தது; துளையின் மீது டென்டின் என்ற பல்லின் உள்ளடுக்குப் பொருளால் புதிய பாலமே கட்டிக்கொண்டது. துளையோ உணவோ நோயைக் கொண்டுவரவில்லை. 1976இல் ஸ்வீடனின் உமியோ நகரில் கோரான் சுண்ட்குவிஸ்ட், அடிபட்டுக் கூழ் செத்த, ஆனால் வெளியே சொத்தையோ துளையோ இல்லாத மனிதப் பற்களை ஆராய்ந்தார். வேர்நுனியில் எலும்பு கரைந்திருந்த 19 பற்களில் 18இல் கிருமிகள் இருந்தன. எலும்பு கரையாத பற்களில் இல்லை. செத்த கூழ் மட்டும் எலும்பைக் கரைப்பதில்லை. அதில் கிருமி குடியேற வேண்டும்.

"இந்த முறையும் மாத்திரை எழுதித் தருவீர்கள்தானே டாக்டர்?" என்று அவர் கேட்டபோது இவற்றையெல்லாம் சொல்லவில்லை. படத்தில் அந்தக் கரும்புள்ளியைக் காட்டி, "இங்கே இரத்தம் வராது டீச்சர். இரத்தம் வராத இடத்துக்கு மாத்திரையும் வராது. நாம்தான் அங்கே போக வேண்டும்" என்றேன். அவர் அறிவியல் ஆசிரியை. உடனே புரிந்துகொண்டார்.

என்ன செய்வது என்ற முடிவு

மூன்று வழிகள் இருந்தன. பல்லைப் பிடுங்கி இம்ப்ளான்ட் வைப்பது. சைனஸ் அடித்தளம் மெலிந்திருந்ததால் எலும்பு ஒட்டு வைக்கவும் வேண்டியிருக்கும். ஈற்றைத் திறந்து வேர்நுனியை வெட்டுவது. ஆனால் கழுவப்படாத கால்வாய் முழுதும் கிருமி இருக்கும்போது நுனியை மட்டும் வெட்டி அடைப்பது ஊற்றின் வாயில் மூடி போடுவதாகவே முடியும். மூன்றாவது, பழைய அடைப்பை எடுத்து, விடுபட்டதைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் மறுபடியும் சுத்தம் செய்வது. முதல் முறை தவறியதற்கான காரணம் கண் முன்னே தெரிந்தபோது மூன்றாவது வழியில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. விடுபட்டதை எட்டிவிட்டால் ஆறும். எட்ட முடியாவிட்டால் அறுவை. நோயாளியிடமும் இந்த வரிசையில்தான் சொன்னேன்.

சிகிச்சை

முதலில் கேப்பை வெட்டி எடுத்தேன். பின்பக்க விளிம்பின் கீழ் மென்மையான சொத்தை. இது சின்ன விஷயம் இல்லை. மேல்மூடி கசிந்தால் உமிழ்நீரும் அதிலுள்ள கிருமிகளும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, நன்றாக அடைக்கப்பட்ட கால்வாயைக்கூட மீண்டும் கெடுத்துவிடும். சொத்தை முழுவதையும் எடுத்த பின், ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உறுதியான பல் மிஞ்சுகிறதா என்று பார்த்தேன். மிஞ்சியது. மிஞ்சாவிட்டால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். எவ்வளவு நன்றாக வேர் சிகிச்சை செய்தாலும் மேலே கட்ட இடமில்லாத பல் நிலைக்காது.

உடைந்த பின்சுவரை கம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளால் கட்டி எழுப்பி, ரப்பர் டேம் மாட்டினேன். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயின் மற்ற பகுதியை மறைக்கும் இந்த ரப்பர்த் தாளை நியூயார்க்கைச் சேர்ந்த சான்ஃபோர்டு பார்னம் 1864இல் பயன்படுத்தத் தொடங்கினார். இது இல்லாமல் செய்யும் வேர் சிகிச்சை, ஒரு பக்கம் கிருமியை எடுத்துக்கொண்டே மறுபக்கம் உமிழ்நீரால் ஊட்டுவது. நேரமில்லை, நோயாளிக்கு மூச்சு முட்டும் என்று இதைத் தவிர்ப்பவர்களை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

நுண்ணோக்கியின் கீழ் பல்லின் அடித்தளம் திறந்தது. மூன்று பழைய வாய்களும் தெரிந்தன. கன்னப் பக்க முன்வாயிலிருந்து அண்ணப் பக்க வாயை நோக்கி ஒரு பழுப்புக் கோடு. அது சற்று தூரம் போய் டென்டின் திட்டு ஒன்றின் அடியில் மறைந்தது. இரண்டாவது கால்வாய் பெரும்பாலும் இந்தத் திட்டின் அடியில்தான் ஒளிந்திருக்கும். இரண்டு வாய்களையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று முன்பக்கமாக. அல்ட்ராசானிக் முனையால் அந்தத் திட்டைத் துளித் துளியாகத் தேய்த்தேன். ஆழம் போகப் போகத் தயக்கமும் கூடும், ஏனென்றால் தவறான திசையில் ஒரு மில்லிமீட்டர் போனாலும் வேரின் பக்கச் சுவர் ஓட்டையாகிவிடும். முதல் வாயிலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தள்ளி ஒரு வெண்புள்ளி தெரிந்தது. திசுவைக் கரைக்கும் கிருமிக்கொல்லியான ஹைப்போகுளோரைட் ஒரு துளி விட்டதும் அந்தப் புள்ளியிலிருந்து நுண்குமிழ்கள் எழுந்தன. உள்ளே கரையக்கூடிய கரிமப் பொருள் இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. கால்வாயை அராவும் மெல்லிய கருவியான ஃபைலில் 8ஆம் எண் தயங்கி நுழைந்தது, அப்புறம் 10. ஃபைலை வெளியே எடுத்ததும் அறையில் பரவியது நோயாளி ஓராண்டாக மூக்கில் உணர்ந்த அதே வாடை. அவரே தலையசைத்தார். காற்று வேண்டாத கிருமிகள் புரதத்தைச் சிதைக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களின் வாடை அது.

கால்வாயின் நீளத்தை, வேர்நுனி எங்கே என்று காட்டும் மின்கருவியான அபெக்ஸ் லொகேட்டரால் அளந்தேன். அந்தக் கால்வாய் தன் தனி வாயோடு வேர்நுனியில் முடிந்தது. மற்ற மூன்றிலிருந்தும் பழைய அடைப்பான கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை எடுத்தேன். நான்காவதை மட்டும் சுத்தம் செய்து மற்றவற்றை விட்டுவிடலாமா என்ற கேள்வி எழுவது இயல்புதான். முன்வேரின் இரண்டு கால்வாய்களுக்கு இடையே பழுப்புக் கோடாகத் தெரிந்த அந்த ஒடுங்கிய இடுக்கு இரண்டையும் இணைக்கிறது. ஒன்றில் கிருமி இருந்தால் மற்றதும் சுத்தமாக இருக்க வழியில்லை. மேல்மூடி வேறு கசிந்திருந்தது.

இனி சுத்தம் செய்யும் வேலை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும். நோயாளிகளும், சில நேரம் மாணவர்களும், ஃபைல்தான் கால்வாயைச் சுத்தம் செய்கிறது என்று எண்ணுகிறார்கள். ஓவ் பீட்டர்ஸ் குழுவினர் 2001இல் மேல் கடைவாய்ப்பற்களை நுண் சிடி மூலம் ஆராய்ந்தபோது, எந்த வகை ஃபைலைப் பயன்படுத்தினாலும் கால்வாய்ச் சுவரில் 35 விழுக்காடோ அதற்கு மேலோ தொடப்படாமலே இருந்தது. ஃபைல் வட்டமாகச் சுழல்கிறது. கால்வாய் நீள்வட்டம், நாடா, வலை என்று பல வடிவங்களில் இருக்கிறது. ஃபைலின் உண்மையான பணி திரவம் போவதற்கு வழி அமைப்பது. கொல்வதும் கரைப்பதும் திரவத்தின் பணி.

அந்தத் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கின் 0.5 விழுக்காட்டுக் கரைசலைப் பயன்படுத்தினார். அதன் பின் அது பல்லுக்குள்ளும் வந்தது. இவருக்கு நான் பயன்படுத்தியது 3 விழுக்காடு. கிருமியைக் கொல்வதோடு செத்த திசுவையும் கரைக்கும் ஆற்றல் இதற்கு இருப்பதால் இத்தனை ஆண்டுகளாகியும் இதன் இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை. கால்வாய்க் கிருமிகள் தனித்தனியாக நீந்திக்கொண்டிருப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பாசி படிவதைப் போல, தாமே சுரந்த கொழகொழப்புக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. தொட்டியில் மருந்து கலந்தால் மட்டும் பாசி போகாது. தேய்க்கவும் கலக்கவும் வேண்டும். அதனால்தான் ஊசியால் ஊற்றியதோடு விடாமல் ஒவ்வொரு கால்வாயிலும் அல்ட்ராசானிக் கம்பியால் திரவத்தை அதிர வைத்தேன். ஃபைல் போக முடியாத அந்த இடுக்கிலிருந்து கலங்கல் நூலாக வெளியே வருவது நுண்ணோக்கியில் தெரிந்தது. தெளிவாக வரும்வரை நிறுத்தவில்லை.

சைனஸ் மிக அருகில், அதன் அடித்தளத்தில் ஓட்டை வேறு. ஹைப்போகுளோரைட் வேர்நுனியைத் தாண்டினால் கடும் வலியும் வீக்கமும் திசு அழிவும் ஏற்படும். பக்கவாட்டில் துளையுள்ள 30ஆம் அளவு ஊசி, வேர்நுனிக்கு 2 மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்தம், ஊசி கால்வாயில் சிக்காமல் மேலும் கீழும் அசைவு, ஆள்காட்டி விரலால் மெல்லிய அழுத்தம். கட்டைவிரலால் அழுத்தக் கூடாது; அதன் பலம் அதிகம்.

பிறகு இடிடிஏ என்ற 17 விழுக்காட்டுக் கரைசல் ஒரு நிமிடம். ஃபைல் அரைத்த தூள் சுவரில் அப்பிக்கொண்டு டென்டின் நுண்குழல்களின் வாயை அடைக்கிறது. அந்தக் குழல்களின் விட்டம் ஏறக்குறைய 1 முதல் 2.5 மைக்ரோமீட்டர், கிருமி தாராளமாக நுழையும் அளவு. இடிடிஏ அந்தத் தூளைக் கரைத்து வாயைத் திறக்கிறது. இவை இரண்டையும் சேர்த்து ஊற்றினால் ஹைப்போகுளோரைட்டின் குளோரின் வீணாகிவிடும்; நடுவில் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை விட வேண்டும். இன்னொரு கிருமிக்கொல்லியான குளோரெக்சிடினைச் சேர்க்கவே இல்லை. ஹைப்போகுளோரைட்டோடு அது சேர்ந்தால் பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகி நுண்குழல்களை அடைத்துவிடும்.

கடைசியாக, நான்கு கால்வாய்களிலும் கால்சியம் ஹைட்ராக்சைடு பசை. ஜெர்மனியின் ஹெர்மன் 1920இல் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது. இதன் காரத்தன்மை (pH) 12.5 அளவில் இருப்பதால் பெரும்பாலான கிருமிகள் தாங்காது. தாங்கும் ஒன்று உண்டு: என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். முன்பே சிகிச்சை செய்து தவறிய பற்களில் இதன் பெயர் அடிக்கடி வரும். புரோட்டான்களை உள்ளே இழுத்துக்கொண்டு தன் உட்புறக் காரத்தைச் சமன் செய்யும் திறன் இதற்கு இருக்கிறது. உணவில்லாமல் நெடுநாள் காத்திருக்கவும் தெரியும். டென்டினே காரத்தைத் தணித்துவிடுவதால் நுண்குழல்களின் ஆழத்தில் அது பிழைத்துக்கொள்கிறது. ஆனால் எல்லாத் தோல்விக்கும் இந்த ஒரு கிருமியைக் காரணமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மரபணு வரிசை பார்க்கும் ஆய்வுகள் வந்த பின், தவறிய பற்களிலும் பலவகைக் கிருமிகளின் கூட்டம்தான் தெரிகிறது. இவருக்கு நான் கிருமி வளர்ப்புச் சோதனை அனுப்பவில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் செய்யப்போகும் வேலை மாறப்போவதில்லை.

தற்காலிக அடைப்பை தடிமனாக வைத்து அனுப்பினேன். வலித்தால் பாராசிட்டமால். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது வாடை போய்விட்டது என்றார். தட்டினால் கூச்சம் குறைந்திருந்தது. ஆனால் பசையைக் கழுவி எடுத்து காகிதக் குச்சியை விட்டபோது நான்காவது கால்வாயில் நுனி ஈரமாகவே வந்தது. மாற்றி மாற்றி விட்டும் ஈரம் நிற்கவில்லை. அன்றைக்கு அடைத்துவிட்டால் நோயாளிக்கு இன்னொரு வருகை மிச்சம். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. உமியோவில் ஷோக்ரென் குழுவினர் ஒற்றை வேர்ப் பற்கள் 55ஐ ஒரே அமர்வில் சுத்தம் செய்து, அடைப்பதற்கு முன் கிருமி இருக்கிறதா என்று சோதித்து, ஐந்தாண்டுகள்வரை பின்தொடர்ந்து 1997இல் வெளியிட்டார்கள். கிருமி இல்லாத பற்களில் 94 விழுக்காடு ஆறின. கிருமி எஞ்சியிருந்தவற்றில் 68 விழுக்காடுதான். ஈரமே கிருமிக்குச் சான்று ஆகிவிடாது என்றாலும், உலராத கால்வாயில் அடைப்புப் பொருளும் சரியாக ஒட்டாது. மீண்டும் கழுவி, மீண்டும் பசை வைத்தேன். அடுத்த வருகையில் குச்சி உலர்ந்து வந்தது.

கட்டா பெர்ச்சாவும், இடைவெளியை நிரப்பும் பசையான பயோசெராமிக் சீலரும் கொண்டு நான்கையும் அடைத்து, அதே அமர்வில் மேலே கம்போசிட் கட்டினேன். சில வாரங்களில் புதிய கேப். இதைத் தள்ளிப்போட அவர் விரும்பினார். தேர்வுப் பணி இருந்தது. பழைய கேப்பின் அடியில் இருந்த சொத்தையின் படத்தைக் காட்டினேன், தள்ளிப்போடவில்லை.

அதன் பிறகு

கன்னப் பாரம் முதல் மாதத்துக்குள்ளேயே நீங்கியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்நோக்கியில் பார்த்து, சைனஸ் வாயிலில் சீழ் இல்லை, அறுவை தேவையில்லை என்று எழுதி அனுப்பினார். பல்லைச் சரிசெய்யாமல் சைனஸை மட்டும் அறுவை செய்து, பின்னும் சீழ் நிற்காமல் அலைபவர்கள் இருக்கிறார்கள். இவருக்கு அந்த அலைச்சல் மிச்சமானது.

ஓராண்டு முடிவில் எடுத்த சிறு பரப்புச் சிடியில் சைனஸின் அடித்தள எலும்பு கோடாக மீண்டும் தொடர்ந்து தெரிந்தது. உட்சவ்வு மெலிந்திருந்தது. 5 மில்லிமீட்டராக இருந்த எலும்புக் குழி ஒன்றரை மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது; முழுதாக மூடவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வேர்நுனி எலும்பு மெதுவாகத்தான் நிரம்பும் என்பதால் இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. முழு வெற்றி என்றும் கோப்பில் எழுதவில்லை. 'ஆறிக்கொண்டிருக்கிறது' என்றே எழுதியிருக்கிறேன். ஐரோப்பிய வழிகாட்டுதல்படி நான்காண்டுகள்வரை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சாதாரண எக்ஸ்ரே போதும், அறிகுறி இருந்தால் மட்டும் சிடி.

குழி மீண்டும் பெரிதாகத் தொடங்கினால் அடுத்த படி என்ன என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். கன்னப் பக்க ஈற்றை விலக்கி, அந்த ஒரு வேரின் நுனியில் 3 மில்லிமீட்டரை மட்டும் வெட்டி எடுத்து, அடியிலிருந்து எம்டிஏ என்ற சிமென்ட் கொண்டு அடைப்பது. கால்வாயின் நுண்கிளைகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசி 3 மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன. இப்போது கால்வாய் முழுதும் கழுவி அடைக்கப்பட்டிருப்பதால், அன்றைக்கு அந்த அறுவை தேவைப்பட்டால் பயன் தரும்.